சிறுவயதில் கேட்ட கொடூரக் கதைகள்: எவை உங்களை விட்டுப் போகவில்லை?

வாசிகசாலைக் கதைசொல்லி

எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பொறுப்புச் சில காலமாக என்னிடம் இருக்கிறது. அண்மையில் ஜெர்மனியின் கிறிம் சகோதரர்கள் தொகுத்த வெண்பனி (ஸ்னோ வைற்) கதையை எதையும் வெட்டாமல் சொன்னேன். பொறாமை பிடித்த அரசி பழுக்கக் காய்ச்சிய இரும்புச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு செத்து விழும்வரை ஆடுகின்ற முடிவையும் விடவில்லை. பிள்ளைகளில் ஒருவர்கூட அழவில்லை. ஒரு பையன் மட்டும், அவ்வளவு சூடான சப்பாத்தை எதனால் தூக்கி வந்தார்கள் என்று கேட்டான். குறட்டால் என்றேன், மூலத்திலும் அப்படித்தான் இருக்கிறது. அவன் திருப்தியோடு வீட்டுக்குப் போய்விட்டான்.

திருப்தியில்லாமல் மறுநாள் வந்தவர்கள் பெற்றோர்தான். இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டால் பிள்ளைகள் வெருண்டு போவார்கள், இரவில் தனியே படுக்க மாட்டார்கள் என்றார்கள். அவர்களோடு வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர்களும் என்னைப் போலவே விக்கிரமாதித்தனையும் நல்லதங்காளையும் கேட்டு வளர்ந்தவர்கள் என்பதால், எங்கள் தலைமுறைக்கு அந்தக் கதைகள் என்ன செய்தன என்று கேட்டுப் பார்க்கத் தோன்றியது. சிறுவயதில் கேட்டவற்றுள் எந்தக் கதை உங்களை இன்னும் உறுத்துகிறது? அதில் உங்களை அச்சப்படுத்தியது எது? பேயா, இரத்தமா, வேறெதுவுமா? இயன்றவரை விரிவாக எழுதுங்கள்.

துலாக்கிணற்றடி

எனக்கு நல்லதங்காள்தான். வேறு எந்தக் கதையும் அதற்குக் கிட்ட வராது.

அப்பாச்சியிடம் பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்று இருந்தது. புகழேந்திப் புலவர் பெயரில் அச்சிட்டு விற்கப்பட்ட அந்த அம்மானைப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: எழுத்துப் பழகும் பிள்ளைகூட விரல் வைத்து வாசிக்கக்கூடிய பருமனில் எழுத்து இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது பட்டினியும் அவமானமும் சாவும். பன்னிரண்டு வருடப் பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு தமையன் வீட்டுக்குப் போகிறாள் நல்லதங்காள். தமையன் இல்லாத நேரம் பார்த்து மைத்துனி மூளியலங்காரி கதவை அடைக்கிறாள், பிறகு அடுப்பெரிக்கப் பச்சை வாழைமட்டையைக் கொடுக்கிறாள். கடைசியில் தாய் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் குதிக்கிறாள்.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வளவுக்கு ஒரு கிணறு, அதுவும் பெரும்பாலும் குசினியிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில். அந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து அம்மா குளிக்க வார்ப்பதற்காக என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிடும்போது, நான் துலாக்கயிற்றைப் பார்க்க மாட்டேன், அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா என்னில் உயிரையே வைத்திருந்தவர். நல்லதங்காளும் அப்படித்தானே வைத்திருந்தாள் என்பதுதான் எனக்கிருந்த சிக்கல்.

ஆனால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் கிணறு அன்று. எங்கள் அப்பாச்சி சொன்ன பாடத்தில் மூத்த மகன் தாயின் கையை உதறிவிட்டு ஓடுகிறான். அங்கே ஆடுமாடு மேய்த்துக்கொண்டு நின்றவர்கள் அவனை மறித்துப் பிடித்து, தாய்க்குச் சொல்லாமல் ஓடுகிற பிள்ளை என்று நினைத்து, கொண்டுவந்து அவளிடமே ஒப்படைத்துவிடுகிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஊரிலே யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பேய் துரத்தினால் வீட்டுக்கு ஓடலாம். வீட்டிலிருந்து ஓடினால் ஊர் பிடித்துக் கொடுத்துவிடும் என்று அப்போது விளங்கிக்கொண்டது இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

இணுவிலான்

மேலே எழுதியவரின் பதிவை வாசித்தபோது எனக்குத் தோன்றியது: நாங்கள் இந்தக் கதைகளைப் பெரும்பாலும் வெறும் பேச்சாகக் கேட்கவில்லை, பாட்டாகக் கேட்டோம். அதனால் அச்சம் வேறு மாதிரி வந்தது.

மாரியம்மன் கோயில்களில் நேர்த்திக்காக ஆடப்படும் காத்தவராயன் கூத்தைச் சிறுவனாக இருந்தபோது விடிய விடியப் பார்த்திருக்கிறேன். காத்தவராயன் ஆரியமாலையை விரும்பிய குற்றத்துக்காகக் கழுமரம் ஏறும் கட்டம் விடியற்புறத்தில்தான் வரும். பாதிப் பிள்ளைகள் அதற்குள் பாயில் நித்திரையாகிவிடுவார்கள். நித்திரையானவர்களைப் பெரியவர்கள் எழுப்பி இருத்துவார்களே தவிர, கண்ணைப் பொத்த மாட்டார்கள். ஒரு மனிதனைக் கழுவில் ஏற்றுவதை மூன்று தலைமுறை ஒன்றாக இருந்து பார்த்துவிட்டு, காலையில் பிரசாதத்தோடு வீட்டுக்குப் போவது எவ்வளவு விசித்திரம் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு அது விசித்திரமாகத் தெரியவில்லை. சிந்துநடை மெட்டு உள்ளே போய்விட்டது. கழுமரம் மெட்டோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டது.

அதேபோல் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயானகாண்டத்தை எங்கள் மூத்தவர்கள் எத்தனை தடவை பார்த்தார்கள் என்று அவர்களுக்கே கணக்கில்லை. பாம்பு தீண்டிச் செத்த மகனை மடியில் வைத்துக்கொண்டு சந்திரமதி அழ, சுடலைக் காவலனாக நிற்கும் தகப்பன் தன் பிள்ளையென்று அறியாமல் கூலி கேட்கிறான். அதைப் பார்க்கப் பிள்ளைகளையும் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். வெண்பனியின் அரசி ஆடிச் சாவதற்கு இன்றைய பெற்றோர் அஞ்சுகிறார்கள் என்றால், அவர்களுடைய பெற்றோர் அவர்களை எங்கெல்லாம் கூட்டிப்போனார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

முருங்கைமரத்து வேதாளம்

என் பெயரே பதில் சொல்லிவிடும். பிணத்துக்கும் சுடலைக்கும் நான் அஞ்சவில்லை. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்பதுதான் என்னை வாட்டியது. கணக்கு வாத்தியார் கேள்வி கேட்கும்போதெல்லாம், விடை அரைகுறையாகத் தெரிந்தால் தலை அரைவாசி வெடிக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சின்னம்மாவின் மகள்

நான் எழுதப்போவது வேறு வகையான துயரம். இதைப் பேயோடும் இரத்தத்தோடும் சேர்க்கலாமா என்று தெரியவில்லை.

என் தாயார் நான் கைக்குழந்தையாக இருந்தபோதே காலமாகிவிட்டார். அப்பா அம்மாவின் தங்கையை மறுமணம் செய்துகொண்டார். எங்கள் பக்கத்தில் அது வழமைதான். நான் அவரைச் சின்னம்மா என்றே கூப்பிட்டேன், அவரும் அதை மாற்றச் சொல்லவில்லை. என்னை வளர்த்தது அவர். பாலபாடம் படிப்பித்தது, அம்மாள் வருத்தம் வந்தபோது வேப்பிலையோடு பக்கத்தில் இருந்தது, பெரியபிள்ளையானபோது ஊரை அழைத்தது எல்லாமே அவர்தான்.

பள்ளிக்கூடத்தில் கதைப்புத்தகம் தருவார்கள். வெண்பனியில் மாற்றாந்தாய் ஈரலையும் நுரையீரலையும் கொண்டுவரச் சொல்கிறாள். சின்டரெல்லாவில் மாற்றாந்தாய் தன் பெண்களின் கால்விரலையும் குதிக்காலையும் வெட்டச் சொல்கிறாள். ஹான்சலும் கிரெட்டலும் கதையில் மாற்றாந்தாய் பிள்ளைகளைக் காட்டில் விடச் சொல்கிறாள். நான் வாசிக்கும்போது சின்னம்மா குசினிக்குள்ளிருந்து, 'என்ன கதை, உரக்க வாசி, கேட்போம்' என்பார். நான் அந்தச் சொல் வரும் இடமெல்லாம் 'சூனியக்காரி' என்று மாற்றி வாசித்தேன். ஒருநாள் அவர் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு உரக்க வாசிக்கச் சொன்னதும் இல்லை.

இரும்புச் சப்பாத்து எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு வீட்டுக்குள் இருக்கும் ஒரு பெண்ணை முன்கூட்டியே குற்றவாளியாக்கி வைத்திருப்பதுதான் எனக்கு அந்தக் கதைகளில் மிகக் கொடியதாகத் தெரிந்தது, இப்போதும் தெரிகிறது. இரத்தத்தைப் பற்றி முறையிடும் பெற்றோர் இதைப் பற்றி முறையிட்டதாக நான் கேள்விப்படவில்லை.

பழைய பதிப்புப் பிரியன்

சகோதரி, உங்களுக்குச் சொல்லவேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. ஒருவேளை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்; தெரியாவிட்டால் உங்கள் சின்னம்மா சார்பில் ஒரு வழக்கே போடலாம்.

கிறிம் சகோதரர்களின் தொகுப்பு முதன்முதலில் வெளிவந்தது 1812 இல். அந்தப் பதிப்பில் வெண்பனியைக் கொல்ல ஆள் அனுப்புகிறவள் அவளைப் பெற்ற தாய். 1819 இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாயாக மாற்றப்பட்டாள். ஹான்சலையும் கிரெட்டலையும் காட்டில் விட்டுவிட்டு வருவோம் என்று கணவனை நெருக்குகிறவளும் 1812 இல் பெற்ற தாய்தான். 1840 ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவளும் மாற்றாந்தாயானாள். தொகுப்பு வீடுகளில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டப்படும் நூலாகிக்கொண்டு வந்தது; பெற்ற தாய் இப்படிச் செய்வாள் என்று அச்சில் கிடப்பது வில்ஹெல்ம் கிறிமுக்குப் பொருந்தவில்லை என்பதே பலரும் சொல்லும் விளக்கம்.

நான் கவனிக்கச் சொல்வது, கொடூரத்தில் அவர் பெரும்பாலும் கை வைக்கவில்லை என்பதை. சப்பாத்து இருந்தபடியே இருந்தது. இன்னும் சொன்னால், சின்டரெல்லாவின் சகோதரிகளின் கண்களைப் புறாக்கள் கொத்துவது 1812 இல் கிடையாது, 1819 இல் புதிதாகச் சேர்க்கப்பட்டது. ஆகவே பிள்ளைகளுக்காகத் திருத்துவது என்றால் அந்தக் காலத்தில் இரத்தத்தைத் துடைப்பது என்று பொருள்படவில்லை. கத்தியை ஒரு கையிலிருந்து வாங்கி இன்னொரு கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

முழுதாக நீக்கப்பட்டதும் உண்டு. பன்றி அறுப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதையே விளையாட்டாகச் செய்து தங்களுள் ஒருவனைக் கொன்றுவிடும் கதை 1812 இல் இருந்தது, இரண்டாம் பதிப்பில் இல்லை. அதில் பழி போடுவதற்கு மாற்றாந்தாய் ஒருத்தி அகப்படவில்லை போலும்.

பாசையூர்க் கரை

பழைய பதிப்புப் பிரியன் அவர்கள் சொன்னதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கங்களில் வளர்ந்தவர்களுக்கு ஞானசௌந்தரி கூத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் இளவரசியின் இரண்டு கைகளும் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்படுகிறாள். இளவரசன் பிலேந்திரன் அவளைக் கண்டு மணம் முடிக்கிறான். அதற்குப் பிறகும் சூழ்ச்சி விடாமல் துரத்துகிறது. கடைசியில் மாதாவின் அருளால் கைகள் மீண்டும் கிடைக்கின்றன. கூத்துப் பழக்கிய எங்கள் அண்ணாவியார் அந்தக் கைவெட்டும் கட்டத்தில் பாட்டை இழுத்து இழுத்துப் பாடுவார். கைகளை உடுப்புக்குள் மறைத்துக்கொண்டு, வெறும் சட்டைக் கைகள் தொங்க, ஞானசௌந்தரி வேடமிட்டவர் மேடையின் முன்பக்கம் வந்து நிற்பார். அவர் எங்கள் தெருவில் வலை பின்னுகிறவர், மீசையை வழித்துவிட்டு வந்தவர், அதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் எங்கள் அம்மம்மா ஒவ்வொரு முறையும் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்.

வளர்ந்த பிறகுதான் கிறிம் தொகுப்பில் 'கைகளற்ற பெண்' என்ற கதையை வாசித்தேன். அதே பெண், அதே வெட்டப்பட்ட கைகள், தோட்டத்தில் அவளைக் கண்டு மணக்கும் அரசன், இறையருளால் வளரும் கைகள். ஆனால் அங்கே கைகளை வெட்டுகிறவன் அவளைப் பெற்ற தகப்பன். ஓர் ஆலைக்காரன் செல்வத்துக்கு ஆசைப்பட்டு, ஆலைக்குப் பின்னால் நிற்பதைத் தருவதாகப் பிசாசுக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறான். அங்கே நின்றது மகள். பிசாசு கேட்டபடி மகளின் கைகளைத் தன் கையாலேயே வெட்டுகிறான். பிறகு அவளிடம், நீ தந்த செல்வத்தில் உன்னை வாழ்நாள் முழுவதும் சுகமாக வைத்திருப்பேன் என்கிறான். அவள் மறுத்துவிட்டு வீட்டைவிட்டுப் போகிறாள்.

அந்தத் தகப்பனைப் பாசையூர் மேடையில் நிறுத்தியிருந்தால் கோயில் பெருநாள் இரவில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் தகப்பன்மார்.

சைவப்புலவர் ஒருவர்

இந்த உரையாடலை ஆர்வத்தோடு வாசித்து வருகிறேன். ஒரு கவலையை முன்கூட்டியே பதிந்துவிடுகிறேன்: அடுத்து யாராவது, அடியாருக்கு அமுதளிக்கத் தன் மகனையே அரிந்து சமைத்த சிறுத்தொண்ட நாயனாரை இங்கே கொண்டுவருவார்கள். அவரை நல்லதங்காளோடும் வெண்பனியோடும் ஒரே வரிசையில் வைப்பது முறையாகாது. அது புராணம், பத்தியின் எல்லையைக் காட்ட வந்தது. பாட்டி கதை அன்று.

துலாக்கிணற்றடி

ஐயா, நீங்களே கொண்டுவந்துவிட்டீர்கள். மன்னிக்கவேண்டும், நான் மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை.

எங்கள் கோயிலில் பெரியபுராண படனம் நடக்கும்போது ஒருவர் செய்யுளை வாசிப்பார், மற்றவர் பயன், அதாவது அதன் விளக்கம், சொல்வார். பயன் சொல்கிறவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், குரலை உயர்த்தவே மாட்டார். பைரவ அடியார் வேடத்தில் வந்த சிவபெருமானுக்காகத் தாய் திருவெண்காட்டு நங்கை மகனின் கால்களைப் பிடித்துக்கொள்ள, தந்தை அரிந்தார் என்பதை, அயல்வீட்டுக் கலியாணத்தைச் சொல்வதுபோல் அமைதியாகச் சொன்னார். பிறகு, அடியார் கேட்டதற்காக வெளியே போய்ப் பிள்ளையைக் கூப்பிட, சீராளன் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறவனைப்போல ஓடிவந்தான் என்றார். நான் பள்ளிக்கூடம் விட்டு நேரே கோயிலுக்கு வந்து இருந்தவன். சைவசமயப் பாடத்தில் அதற்கு நான் எழுதிய விடைக்கு நல்ல புள்ளிகூடக் கிடைத்தது. ஆனால் அன்றிரவு நான் கேட்க விரும்பிய கேள்வி எந்த வினாத்தாளிலும் இல்லை: ஓடிவந்த சீராளனுக்கு நடந்தது நினைவிருந்ததா?

பிள்ளையின் காதுக்குப் புராணம் எது, பாட்டி கதை எது என்று அப்போது பிரித்துக் கேட்கத் தெரியாது.

சைவப்புலவர் ஒருவர்

உங்கள் கேள்வி நியாயமானது. சேக்கிழார் அதற்கு விடை வைத்திருக்கிறார்: தாய், தந்தை, மகன் எல்லாருமே இறைவனோடு கூடிவிடுகிறார்கள். அந்த வீட்டில் மறுநாள் காலை என்பது கிடையாது. ஆனால் பயன் சொன்னவர் உங்கள் முகத்தைப் பார்த்து, அந்த இடத்தில் இன்னும் சற்று நேரம் நின்றிருக்கலாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் இருக்கும் சபையில் பயன் சொல்கிறவர்களுக்கு நானும் இதைச் சொல்வதுண்டு.

வரிசையைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

கைதடி ஆசிரியை

எல்லாரும் கிறிமைப் பற்றி எழுதுகிறீர்கள். என்னால் சகிக்க முடியாதவர் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்தியன் அண்டர்சன்.

1845 இல் அவர் எழுதிய சிவப்புச் சப்பாத்துக் கதையில், தேவாலயத்தில் இருக்கும்போதும் தன் புதுச் சப்பாத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள் என்பதற்காக ஓர் ஏழைச் சிறுமி ஓயாமல் ஆடும்படி சபிக்கப்படுகிறாள். கடைசியில் கொலைத் தண்டனை நிறைவேற்றுகிறவனிடம் போய்த் தன் கால்களை வெட்டச் சொல்கிறாள். அவன் வெட்டிவிட்டு, அவளுக்கு மரக்கால்களும் ஊன்றுகோல்களும் செய்து கொடுக்கிறான். கிறிமில் தண்டனை பெறுவது கொல்ல நினைத்த அரசி. இங்கே ஒரு பிள்ளை. அதுவும் புதுச் சப்பாத்தில் ஆசைப்பட்டதற்காக. நல்லூர்த் திருவிழாவுக்குப் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு போய், அதை வெளியில் கழற்றிவிட்டு, கும்பிடும்போதெல்லாம் அது அங்கேயே இருக்குமா என்று நினைக்காத பிள்ளை எங்கள் ஊரில் யார்?

நான் படிப்பித்த ஒரு வகுப்பில் மிதிவெடியில் காலை இழந்த மாணவி ஒருத்தி இருந்தாள். யாழ்ப்பாணத்தில் செய்துகொடுத்த செயற்கைக் காலோடு வந்து முன்வாங்கில் இருப்பாள். வகுப்பு நூலகத்துக்கு வந்த மொழிபெயர்ப்புத் தொகுப்பொன்றில் அந்தக் கதை இருந்தது. நான் அந்தப் புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். தணிக்கை என்று யாரும் சொல்லலாம். குற்றம் செய்ததால் கால் போயிற்று என்று சொல்லும் கதையை அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்க எனக்கு எந்தக் காரணமும் தென்படவில்லை. ஆனால் வெண்பனியை அவளுக்குச் சொன்னேன். சப்பாத்து உட்பட. நன்றாகச் சிரித்தாள்.

நாவற்குழிப் பாலம்

புரூனோ பெத்தல்ஹைம் என்ற உளவியலாளர் 1976 இல் வெளியிட்ட நூலில், இந்தக் கதைகளின் கொடூரம் பிள்ளைக்குத் தேவை, ஏனென்றால் பிள்ளையின் மனத்துக்குள்ளே ஏற்கனவே இருக்கும் அச்சங்களுக்கு அவை ஓர் உருவமும் முடிவும் கொடுக்கின்றன என்று வாதிட்டார். அதை வாசித்தபோது எனக்குப் பாதி ஏற்புடையதாகவும் பாதி அந்நியமாகவும் இருந்தது. எங்கள் அச்சங்கள் மனத்துக்குள் இருந்து வந்தவை அல்ல. போர் விமானங்களாக மேலே இரைந்துகொண்டு வந்தவை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குடாநாட்டில் மின்சாரம் கிடையாது, மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் எண்ணெயும் விட்டுத் திரி வைத்துச் செய்த விளக்கு, படிக்க ஒன்று, மற்ற நேரங்களில் அதுவும் அணைக்கப்படும். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கருக்குள் இருந்துகொண்டு அம்மம்மா கதை சொல்வார். அவருக்குத் தெரியாத கதையில்லை. ஆனால் அங்கே அவர் நல்லதங்காளைச் சொன்னதேயில்லை. நிலத்துக்குக் கீழே ஒரு குழிக்குள் பிள்ளைகளோடு இருந்துகொண்டு யார்தான் சொல்வார்கள்? வேதாளம் வரும், ராட்சசன் வருவான், ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் அவன் உயிர் இருக்கும், கிளியின் கழுத்தை இளவரசன் திருகுவான். திருகும் இடத்தில் எங்களையும் கையால் திருகிக் காட்டச் சொல்வார். நாங்கள் முழுமனத்தோடு திருகினோம்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் இடம்பெயர்ந்து, வலிகாமம் முழுவதும் ஒரே வீதியால் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. கூட்டத்தில் கை விடுபட்டால் போயிற்று. அப்போது என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது ஹான்சலும் கிரெட்டலும். எங்கள் வீட்டில் யாரும் என்னைக் காட்டில் விடமாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் சட்டைப்பையில் இருந்த பிஸ்கற்றைத் தின்னாமல் வைத்திருந்தேன். துண்டு துண்டாகப் போட்டுக்கொண்டு போனால் இவ்வளவு பேர் மிதிக்கும் வீதியில் என்ன மிஞ்சும் என்றும் யோசித்தேன். அந்தக் கதையில் ரொட்டித் துண்டுகளைப் பறவைகள் தின்றுவிடுகின்றன என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஹான்சலின் வழி பலிக்காமல் போன பிறகும், கிரெட்டல் சூனியக்காரியை அடுப்புக்குள் தள்ளினாள்.

அதனால் நான் கதைகளைப் பிரிப்பது இரத்தத்தை வைத்து அன்று. அடுப்புக்குள் தள்ளுவதற்குப் பிள்ளைக்கு ஒரு தருணம் கிடைக்கிறதா என்பதை வைத்து. கைதடி ஆசிரியை பூட்டிய புத்தகத்தில் அது இல்லை. நல்லதங்காளின் மூத்த மகனுக்கும் கிடைக்கவில்லை.

துலாக்கிணற்றடி

அந்த அளவுகோலை முழுதாக ஏற்க எனக்குத் தயக்கம். உங்கள் அம்மம்மா பங்கருக்குள் சொல்லாமல் விட்டது சரியே. ஆனால் எப்போதும் சொல்லாமல் விட்டிருந்தால்? ஓடிய பையனைப் பிடித்துக் கொடுத்தவர்களை எனக்கு வேறு எந்தக் கதையும் காட்டவில்லை. நான் வேலை செய்த இடத்தில் வீட்டைவிட்டு வந்த பிள்ளைகளை விசாரிக்கவேண்டிய நிலை பல தடவை வந்தது. உடனே தாய்தகப்பனிடம் ஒப்படையுங்கள் என்று சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சொல்வார்கள். பெரும்பாலும் அதுவே சரியாகவும் இருக்கும். ஆனாலும் நான் முதலில் பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, ஏன் ஓடி வந்தாய் என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைச் செய்தேன். அந்தப் பழக்கம் எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் வரவில்லை.

கிரெட்டல் பிள்ளைக்குத் தேவை. மூத்த மகன் பெரியவனாகப் போகும் பிள்ளைக்குத் தேவை.

இணுவிலான்

ஒரு சிறு குறிப்பு. நல்லதங்காள் கதையில் சிவனும் பார்வதியும் வந்து எல்லாரையும் எழுப்புவதாகவும், அவள் அதை ஏற்க மறுத்துத் தெய்வமாவதாகவும் சொல்கிற பாடமும் உண்டு. தமிழ்நாட்டில் வத்திராயிருப்புக்கு அருகே அருச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலும் இருக்கிறது. எழுப்பியும் எழும்ப மறுத்தாள் என்ற இடம், கிணற்றைவிடக் கடுமையானது என்பது என் எண்ணம்.

வாசிகசாலைக் கதைசொல்லி

நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்துவிட்டது. பெற்றோருக்குச் சொல்ல என்னிடம் இப்போது ஒரு விடை இருக்கிறது, ஆனால் அது அவர்கள் கேட்ட கேள்விக்கான விடையாக இருக்காது.

வரும் வாரங்களுக்கு நான் யோசித்திருப்பது இதுதான். சிறியவர்களுக்குக் கிளிக்குள் உயிர் வைத்த ராட்சசன், கழுத்தைத் திருகும் இடத்தில் எல்லாரும் சேர்ந்து திருகலாம். அடுத்து ஹான்சலும் கிரெட்டலும். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஞானசௌந்தரியையும் கைகளற்ற பெண்ணையும் அடுத்தடுத்துச் சொல்லி, எதில் கைகளை யார் வெட்டினார்கள், ஏன் மாறியது என்று அவர்களையே கேட்கப்போகிறேன். பாசையூர்க் கரை அவர்கள் வந்து கூத்துப் பாட்டில் இரண்டு அடியாவது பாடினால் நல்லது. நல்லதங்காளை இன்னும் பெரிய பிள்ளைகளுக்கு, பகலில், வாசிகசாலைக் கிணற்றுக்கு மூடி போட்ட பிறகு. அண்டர்சனைப் பற்றிக் கைதடி ஆசிரியையோடு தனியே பேச விரும்புகிறேன். அண்டர்சன் எழுதிய தீப்பெட்டி விற்ற சிறுமி கதையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

சின்னம்மாவின் மகள்

அக்கா, ஹான்சலும் கிரெட்டலும் சொல்லும்போது 1812 ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ளபடி, பெற்ற தாய் என்றே சொல்லுங்கள். உங்கள் சனிக்கிழமைக் கூட்டத்திலும் என்னைப்போல ஒரு பிள்ளை பாயின் ஓரத்தில் இருக்கக்கூடும். பெற்றோர் மறுநாள் மறுபடியும் முறையிட வருவார்கள். ஆனால் இந்த முறை வருகிறவர்கள் யார் யார் என்று கவனித்து இங்கே எழுதுங்கள்.